மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்தால்: ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது?

கல்யாண மண்டபத்திலோ பேருந்து நிலையத்திலோ ஒருவர் திடீரெனச் சரிந்து விழுந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது நமக்கெல்லாம் பழகிய காட்சி. "தள்ளுங்க தள்ளுங்க, காத்து வரட்டும்" என்று ஒரு குரல் கேட்கும். ஒருவர் பாட்டில் தண்ணீரை முகத்தில் அடிப்பார். இன்னொருவர் சோடா வாங்க ஓடுவார். கைகால் வெட்டி இழுத்தால் யாராவது சாவிக்கொத்தை உள்ளங்கையில் திணிப்பார்கள். கடைசியில் நான்கு பேர் சேர்ந்து தூக்கி, ஆட்டோவின் பின்சீட்டில் மடக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறப்பார்கள்.

யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் விழுந்தவருக்கு மூச்சு நின்றிருந்தால் இவற்றில் ஒன்றுகூட அவருக்குப் பயன்படாது. உருப்படியாகச் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அதற்கு மருந்து வேண்டாம், கருவி வேண்டாம், மருத்துவப் படிப்பும் வேண்டாம். இரண்டு கை போதும்.

முதலில் உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். நுரையீரல் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்து ரத்தத்தில் சேர்க்கிறது, இதயம் அந்த ரத்தத்தை மூளைக்கு அனுப்புகிறது. இரண்டில் எது நின்றாலும் சிறிது நேரத்தில் மற்றதும் நின்றுவிடும். ரத்த ஓட்டம் நின்ற நான்கு முதல் ஆறு நிமிடத்தில் மூளை செல்கள் சாகத் தொடங்கிவிடும். நம் ஊர்ச் சாலைகளில் ஆம்புலன்ஸ் அதற்குள் வருவது அரிது. அந்த இடைவெளியை நிரப்ப, பக்கத்தில் நிற்பவரை விட்டால் வேறு ஆளில்லை.

எது முதலில் நின்றது என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த நடுவயதுக்காரருக்குப் பெரும்பாலும் இதயம் முதலில் நின்றிருக்கும். அதுவரை அவர் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்ததால் ரத்தத்தில் இன்னும் சில நிமிடங்களுக்கு ஆக்சிஜன் மிச்சமிருக்கும், அதைத் தள்ளிவிடத்தான் ஆளில்லை. கிணற்றிலிருந்து தூக்கிய பையனின் கதை வேறு. அவனுக்கு மூச்சு முதலில் அடைபட்டு, ரத்தத்திலிருந்த ஆக்சிஜன் தீர்ந்த பிறகே இதயம் நின்றிருக்கும். முன்னவருக்கு நெஞ்சை அழுத்தினாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பின்னவனுக்குக் காற்றையும் உள்ளே ஊத வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் மனதில் நின்றால், மற்ற விதிகளெல்லாம் தாமாகவே புரியும்.

மூச்சு இருக்கிறதா, இல்லையா?

இதை முடிவு செய்யப் பத்து நொடிக்கு மேல் எடுக்கக் கூடாது. இரண்டு தோளையும் பிடித்துத் தட்டி, காதருகே சத்தமாகக் கூப்பிடுங்கள். கண் திறக்கவில்லை, முனகல்கூட இல்லை என்றால், மல்லாக்கப் படுக்கவைத்து நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள். ஏறி இறங்குகிறதா?

பலரும் ஏமாறும் இடம் இதுதான். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு ஒருவிதத் திணறல் வரும். வாய் திறக்கும், தாடை அசையும், தொண்டையிலிருந்து கொர்ரென்று ஒரு சத்தம் எழும். பிறகு சில நொடி ஒன்றும் இருக்காது. மறுபடி ஒரு கொர். சுற்றி நிற்பவர்கள் "மூச்சு இருக்குங்க, மூச்சு இருக்கு" என்று சொல்லி அப்படியே காத்திருப்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் "மேல்மூச்சு வாங்குது" என்பார்கள். அது மூச்சே அல்ல. சாகும் தறுவாயில் மூளைத்தண்டு அனுப்பும் கடைசி உந்துதல் அது. அதில் காற்று ஒழுங்காக உள்ளே போவதில்லை. நிதானமான, சீரான மூச்சு இல்லையென்றால், மூச்சே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இழுப்பு விஷயமும் அப்படித்தான். இதயம் நின்றவுடன் மூளைக்கு ரத்தம் போகாததால் சிலருக்குக் கைகால் சில நொடிகள் வெட்டி இழுக்கும். பார்ப்பவர் வலிப்பு என்று நினைத்துச் சாவியைத் தேடுவார். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பதே தவறான நம்பிக்கை. அது தானாக நிற்கும்போது சாவிக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. இழுப்பு அடங்கியதும் நெஞ்சைப் பாருங்கள். வலிப்புக்காரருக்கு மூச்சு பெரிதாக, சத்தமாகத் திரும்பும். திரும்பவில்லை என்றால் தாமதிக்காதீர்கள்.

நாடி பார்க்க வேண்டாம். பதற்றத்தில் நம் விரலின் துடிப்பையே அவருடைய நாடி என்று நினைத்துவிடுவோம். மருத்துவத் துறையில் இருப்பவர்களே இதில் தடுமாறுவதுண்டு. அதனால்தான் பொதுமக்களுக்கான பயிற்சியிலிருந்து நாடி பார்க்கும் பகுதியையே எடுத்துவிட்டார்கள். கூப்பிட்டால் அசையவில்லை, சீரான மூச்சில்லை. இவ்வளவுதான் அடையாளம்.

உடனே 108. இலங்கையில் 1990. போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டால் இரு கையும் உங்களுக்கு மிச்சம். கூட்டத்தைப் பார்த்து "யாராவது போன் பண்ணுங்க" என்றால் ஒருவரும் பண்ணமாட்டார்கள். "நீல சட்டை அண்ணே, நீங்க 108க்குப் போடுங்க" என்று ஆளைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

நெஞ்சை அழுத்துவது

கட்டில், மெத்தை, ஆட்டோ சீட் எதுவும் இதற்கு உதவாது. அழுத்தும்போது மெத்தைதான் அமுங்கும், நெஞ்சு அமுங்காது. தரையில் கிடத்துங்கள். பக்கத்தில் மண்டியிடுங்கள். ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை, அதாவது மணிக்கட்டை ஒட்டிய மேட்டை, நெஞ்சின் நடுவில் வையுங்கள். இதயம் இடப்பக்கம்தானே என்று இடப்பக்கம் போகாதீர்கள். நடுவிலுள்ள நெஞ்செலும்பின் கீழ்ப்பாதிதான் இடம். மற்றக் கையை அதன்மேல் வைத்து விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கக் கூடாது. உங்கள் தோள் அவருடைய நெஞ்சுக்கு நேர் மேலே வரட்டும். கையின் பலத்தால் தள்ளினால் அரை நிமிடத்தில் சோர்ந்துவிடுவீர்கள், உடம்பின் எடையை இறக்க வேண்டும்.

ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, 6ஐத் தாண்டவும் வேண்டாம். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விட வேண்டும். அப்போதுதான் இதயத்துக்குள் மறுபடி ரத்தம் நிரம்பும். புதிதாகக் கற்பவர்கள் பொம்மையின்மேல் சாய்ந்தபடியே குட்டிக் குட்டியாக அமுக்குவதைப் பயிற்சி வகுப்பில் பார்க்கலாம். பார்க்கச் சுறுசுறுப்பாக இருக்கும், பலன் குறைவு.

எண்ணுவதற்கு ஒரு சின்ன யோசனை. முப்பது வரை ஒரே மூச்சில் எண்ணினால் "இருபத்தி ஏழு, இருபத்தி எட்டு" என்று சொற்கள் நீண்டு, கை தானாகவே மெதுவாகிவிடும். ஒண்ணு முதல் பத்து வரை மூன்று தடவை எண்ணினால் வேகம் குறையாது.

இடைவிடாமல் செய்ய வேண்டும் என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்? தெருமுனை அடிபம்பை நினைத்துப் பாருங்கள். நாலைந்து முறை வெறும் அடி அடித்த பிறகுதான் தண்ணீர் ஏறிவரும். கொஞ்சம் நிறுத்தினால் இறங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்களில் அழுத்தம் இப்படித்தான் மெல்ல ஏறி, கையை எடுத்ததும் சட்டென்று விழுகிறது. ஆகவே நடுநடுவே நிறுத்தி "உயிர் வந்திருச்சா" என்று பார்ப்பதும், போட்டோ எடுக்க வந்தவரோடு சண்டை போடுவதும் வேண்டாம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். அடுத்தவர் எதிர்ப்பக்கம் மண்டியிட்டுத் தயாராக இருந்தால் இடைவெளி விழாது.

விலா எலும்பு முறியுமே என்றால், முறியலாம். வயதானவர்களுக்கு 'கடக்' என்று கேட்கவும் செய்யும். விலா கூடிவிடும். அழுத்தாமல் விட்டால் கூடுவதற்கு ஆள் இருக்கமாட்டார். அவருக்கு இதயம் துடித்துக்கொண்டிருந்து நாம் தவறாக எடுத்துக்கொண்டோமே என்றால், பெரிய கேடு எதுவும் வருவது அரிது. வலிக்கும்போது அவரே கையைத் தட்டிவிடுவார்.

பொது இடத்தில் விழுந்த பெண்ணின் நெஞ்சில் கை வைக்க ஆண்கள் தயங்குகிறார்கள். இது நம் ஊரில் மட்டும் இல்லை, பல நாடுகளில் ஆய்வுகளே இதைக் காட்டியிருக்கின்றன. அழுத்துவதற்கு உடையைக் கழற்ற வேண்டியதில்லை, சேலைக்கு மேலேயே செய்யலாம். கூட்டத்திலிருந்து பெண் யாராவது முன்வந்தால் நல்லது. வராவிட்டால் காத்திருக்க நேரமில்லை.

ஊதுவது

நாம் வெளிவிடும் காற்று கெட்ட காற்று, அதை ஊதி என்ன பயன் என்று சந்தேகம் வரும். சுற்றியுள்ள காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். நாம் வெளிவிடும் மூச்சில் இன்னும் 16 சதவீதம் அளவுக்கு மிச்சமிருக்கிறது. அது போதும் என்பதை 1950களில் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஈலம், பீட்டர் சஃபார் என்ற மயக்கவியல் மருத்துவர்கள் சோதித்துக் காட்டினார்கள். மருந்தால் தசைகளைச் செயலிழக்கச் செய்த தன்னார்வலர்களுக்கு மற்றவர்கள் ஊதிய மூச்சு மட்டுமே ஆக்சிஜன் அளவைக் காப்பாற்றியது. நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தியே ரத்தத்தை ஓட்டலாம் என்பதை பால்டிமோரில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவர் 1960இல் எழுதினார்கள். இன்று சிபிஆர் என்று நாம் சொல்வது இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

முறை சிக்கலானதல்ல. ஒரு கையை நெற்றியில் வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, மறு கை விரல்களால் மோவாயை மேலே தூக்குங்கள். தொண்டையை அடைத்துக் கிடக்கும் நாக்கு அப்போது விலகும். சில சமயம் இதற்கே மூச்சு திரும்பிவிடும். மூக்கைப் பொத்தி, உங்கள் வாயால் அவர் வாயை முழுதாக மூடி, ஒரு நொடி ஊதுங்கள். ஓரக்கண்ணால் நெஞ்சு எழும்புகிறதா பாருங்கள். எழும்பினால் போதும், அதற்கு மேல் ஊதினால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தியாகத் திரும்பும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு.

முன்பின் தெரியாதவரின் வாயில் வாய் வைக்க மனம் ஒப்பவில்லையா? தவறே இல்லை, அழுத்துவதை மட்டும் செய்யுங்கள். இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் பொதுமக்களுக்காக 2017இல் வகுத்த முறையே வெறும் அழுத்தம்தான். திடீரென இதயம் நின்ற பெரியவர்களுக்கு அது நன்றாகவே உதவும். ஆனால் தொடக்கத்தில் சொன்ன வித்தியாசத்தை இங்கே மறக்கக் கூடாது. மூச்சு முதலில் நின்றவருக்கு, முடிந்தவரை ஊதியே ஆக வேண்டும்.

தண்ணீரில் மூழ்கியவர்

நம் ஊரில் மூச்சு முதலில் நிற்கும் சாவுகளில் இதுதான் அடிக்கடி செய்தியாகிறது. கல்குவாரிக் குட்டை, தடுப்பணை, கோடை விடுமுறையில் ஆறு.

காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போவது வழக்கமான கதை. நீந்தத் தெரிந்தவரையும் மூழ்குகிறவர் கழுத்தைக் கட்டி இழுத்துக்கொள்வார். கையில் கிடைத்ததை வீசுங்கள். கயிறு, மூங்கில், மூடிய காலி கேன், வேட்டி எதுவானாலும் சரி. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரையில் நீர்த்தேக்கத்தில் தத்தளித்த இளைஞர்களுக்குப் பெண்கள் மூவர் தாங்கள் கட்டியிருந்த சேலைகளையே அவிழ்த்து வீசி இருவரைக் கரைசேர்த்தார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

கரைக்கு வந்ததும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவது, யாராவது தலையில் தூக்கிவைத்துச் சுழற்றுவது எல்லாம் நடக்கும். வெள்ளைக்காரர்களும் இதைவிட விசித்திரமாகச் செய்து பார்த்தவர்கள்தான். மூழ்கியவர்களை மீட்க 1767இல் ஆம்ஸ்டர்டாமிலும் 1774இல் லண்டனிலும் சங்கங்கள் தொடங்கினார்கள். பீப்பாய்மேல் கவிழ்த்து உருட்டினார்கள், துருத்தி வைத்து ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகை செலுத்தினார்கள். அதற்கான கருவிப் பெட்டிகள் தேம்ஸ் கரையோரம் தயாராக வைக்கப்பட்டிருந்தன. வாயோடு வாய் வைத்து ஊதலாம் என்று பாரிஸ் அறிவியல் கழகம் 1740லேயே சொல்லியிருந்தது. அது சரியென்று நிலைபெற இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. நடுவில் முதுகை அழுத்துவது, கையைத் தூக்கி இறக்குவது என்று பல முறைகள் வந்து போயின. டென்மார்க்கின் ஹோல்கர் நீல்சன் 1932இல் சொன்ன முறை அவற்றுள் பேர்போனது.

வயிற்றை அமுக்கும்போது வெளியே கொட்டுவது வயிற்றுக்குள் போன தண்ணீர். நுரையீரலுக்குள் போவது பெரும்பாலும் கொஞ்சம்தான், அதை அமுக்கி எடுக்கவும் முடியாது. வயிற்றிலிருந்து எழும்பும் சோறும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் போய் இருக்கும் வழியையும் அடைத்துவிடும். வேலை மோசமாவதோடு நேரமும் போய்விடுகிறது.

மல்லாக்கக் கிடத்தி, மூச்சில்லை என்று தெரிந்ததும் முதலில் ஊதுங்கள். அமெரிக்க வழிகாட்டுதல் இரண்டு மூச்சு என்கிறது, ஐரோப்பியர்கள் ஐந்து என்கிறார்கள். எதைச் செய்தாலும் சரி, பிறகு 30க்கு 2 என்று தொடருங்கள். வாயில் நுரை பொங்கும். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருக்கும், அதோடு மல்லுக்கட்டாமல் ஊதுங்கள். வாந்தி எடுத்தால் மட்டும் சட்டென்று ஒருக்களித்துத் திருப்பி, வாயை வழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

பாம்பு, கரண்ட், தொட்டி

கட்டுவிரியன் கடியையும் மூச்சு முதலில் நிற்கும் வகையில் சேர்க்க வேண்டும். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி அதிகம் இருக்காது, சிலருக்குக் கடித்த தடமே தெரியாது. விடியும்போது வயிற்றுவலி, தொண்டைவலி, பிறகு இமை தூக்க முடியாமல் செருகுவது. விஷம் தசைகளை ஒவ்வொன்றாக முடக்கி, கடைசியில் மூச்சுத் தசையையும் முடக்குகிறது. இதயம் அப்போதும் துடித்துக்கொண்டிருக்கும். அவருக்குக் காதுகூடக் கேட்கலாம், அசைந்து காட்டத்தான் முடியாது. "போயிட்டார்" என்று துணியை மூடிவிடாதீர்கள். விஷமுறிவு மருந்தும் செயற்கை சுவாசக் கருவியும் இருக்கும் மருத்துவமனை வரை ஊதிக்கொண்டே போனால் முழுதாகப் பிழைத்து எழக்கூடியவர் அவர்.

மின்சாரம் தாக்கியவரைத் தொடுமுன் மெயினை அணையுங்கள். அவருக்குப் பெரும்பாலும் இதயம்தான் முதலில் நிற்கும், உடனே நெஞ்சை அழுத்த வேண்டும். பூச்சிமருந்து குடித்தவருக்கு வாயோடு வாய் ஊதாதீர்கள், அழுத்தம் மட்டும்.

கழிவுநீர்த் தொட்டியிலோ பாழுங்கிணற்றிலோ ஒருவர் மயங்கி விழுந்தால் பின்னால் இறங்கவே கூடாது. அண்ணனைத் தூக்கத் தம்பி, தம்பியைத் தூக்க மாமன் என்று ஒரே தொட்டியில் மூன்று பேர் செத்த செய்திகளைப் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். தீயணைப்புத் துறை வரட்டும். அங்கே முதலுதவி என்பது மற்றவர்களை இறங்கவிடாமல் பிடித்து நிறுத்துவதுதான்.

குழந்தைகள்

குழந்தைகளுக்கு இதயம் முதலில் நிற்பது குறைவு. மூச்சில் ஆரம்பித்துத்தான் இதயத்துக்குப் போகும். அதனால் ஊதுவதை விடாதீர்கள். சிறுவர்களுக்கு ஒரு கை போதுமானால் ஒரு கை. நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். கைக்குழந்தையின் நெஞ்சை இரு கையாலும் சுற்றிப் பிடித்து, இரண்டு கட்டைவிரலால் சுமார் 4 சென்டிமீட்டர் அழுத்தி, வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, கன்னத்தில் அடங்கும் காற்றளவு ஊதினால் போதும்.

கடலையோ தேங்காய்ச் சில்லோ தொண்டையில் சிக்கி, இருமவும் அழவும் முடியாமல் குழந்தை திணறினால், குனியவைத்து தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் ஐந்து தட்டு. பிறகு பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே கைகளைக் கோத்து உள்நோக்கி மேலே ஐந்து இழுப்பு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றில் கை வைக்கக் கூடாது, நெஞ்சின் நடுவில் ஐந்து அழுத்தம். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் தோண்டினால் இன்னும் உள்ளே போகும். நினைவு தப்பினால் சிபிஆர்தான்.

ஆம்புலன்ஸ் வர வழியே இல்லாத கிராமம் என்றால் ஆட்டோவைவிட குட்டியானை மேல். பின்னால் நீட்டிக் கிடத்தி, ஒருவர் அழுத்திக்கொண்டே போகலாம். ஓடும் வண்டியில் சரியாக அழுத்துவது கடினம், ஆகவே ஆம்புலன்ஸ் வரும் என்றால் இருக்கும் இடத்திலேயே செய்வது நல்லது. பெரிய விமான நிலையம் போன்ற இடங்களில் சுவரில் ஏஇடி என்ற பெட்டி மாட்டியிருக்கும், இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவி அது. திறந்தால் அதுவே பேசும். உள்ளே இருக்கும் பட்டைகளைப் படத்தில் காட்டியபடி நெஞ்சில் ஒட்டினால், ஷாக் தேவையா இல்லையா என்பதையும் அதுவே முடிவு செய்யும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயமும் பலரை ஒதுங்க வைக்கிறது. சாலை விபத்தில் உதவுபவரைப் பாதுகாக்க 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்குத் தொடர முடியாது, பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. இது சாலை விபத்துக்கு மட்டுமான சட்டம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எப்போது நிறுத்துவது? அவராக மூச்சு விட்டால், ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கைமாற்றிக்கொண்டால், அல்லது உங்களால் இனி ஒரு அழுத்தமும் முடியாது என்றானால். மூச்சு திரும்பியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காபி, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருங்கள், மறுபடி நின்றால் மறுபடி தொடங்க வேண்டும். தண்ணீரிலிருந்து மீண்டவர் எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போறேன்" என்றாலும் விடாதீர்கள். நுரையீரலில் புகுந்த தண்ணீரின் வேலை சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம், அன்று ஒருநாளாவது மருத்துவர் கண்காணிப்பில் இருக்கட்டும்.